முத்துப்பேட்டைக் கரையும் காஞ்சனபுரிக் கல்லறையும்

தஞ்சாவூர் ஜில்லா என்றால் நம்மவர்களுக்குக் காவேரியின் தலைப்பக்கம்தான் நினைவுக்கு வரும். திருவையாற்று உற்சவம், கும்பகோணத்து மகாமகம், தஞ்சைப் பெரிய கோயில் என்று வர்ணித்து முடிப்பதற்குள் எழுதுகிறவருக்கும் களைப்பு வந்துவிடும், வாசிக்கிறவருக்கும் களைப்பு வந்துவிடும். ஆற்றின் வால் எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரிப்பவர் அபூர்வம். அந்த வால் கடலில் நனைகிற இடங்களில் ஒன்று முத்துப்பேட்டை. பழைய ஜில்லா பல துண்டுகளாகி, ஊர் இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்குள்ள பெரியவர்கள் பேச்சுவாக்கில் "நம்ம தஞ்சாவூர் ஜில்லா" என்றுதான் சொல்கிறார்கள்.

திருவாரூரிலிருந்து காரைக்குடி போகும் ரயில் பாதையில், திருத்துறைப்பூண்டி தாண்டியபின் நெல்வயல்களின் முகம் மெள்ள மெள்ள மாறுகிறது. வரப்புகளில் தென்னை கூடுகிறது. மண்ணில் உப்புப் பூக்கிறது. காற்றில் சேற்று வாசனையும் மீன் வாசனையும் கலந்து வருகின்றன. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று மன்னார்குடிப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் பாய்ந்து உழைத்த ஆறுகள் இங்கே வந்து, இனிச் செய்வதற்கு வேலை ஒன்றுமில்லை என்பதுபோல் சோம்பலாகப் பரந்து ஒரு பெரிய காயலாகக் கிடக்கின்றன. காயலைச் சுற்றிலும் அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவதால் அந்தப் பெயர் என்பார்கள். மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆணி அடித்ததுபோல் மேல்நோக்கி நிற்கின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்தக் கரையில் அடித்தபோது காட்டில் பெரும்பகுதி மொட்டையாயிற்று; தென்னந்தோப்புகள் சாய்ந்த கதையைத் தோப்புக்காரர்கள் இன்றும் கண்ணீரோடு சொல்கிறார்கள். காடு மறுபடி துளிர்த்துக்கொண்டிருக்கிறது.

படகு ஏறுவதற்கு ஜாம்பவானோடைக்குப் போகவேண்டும். அங்கே ஹக்கீம் ஷெய்கு தாவூது வலியுல்லாவின் தர்கா இருக்கிறது. பெயரிலே ஹக்கீம் என்றிருப்பதற்கேற்ப, வைத்தியம் தீர்க்காத நோய்களையும், முக்கியமாக மனநோயால் வருந்துகிறவர்களையும், இங்கே அழைத்து வருகிறார்கள். வருகிறவர்களில் இந்துக்கள் பாதிக்குக் குறைவிருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஒரு பெரியவரின் உடல் அடங்கிய இடம் இன்னதென்று தெரிந்திருந்தால் அதற்கு இத்தனை ஜனங்களைத் தன்பால் இழுக்கும் சக்தி உண்டாகிறது. அடங்கிய இடம் தெரியாவிட்டால் எப்படி? இந்தக் கேள்விக்கும் இதே ஊரில்தான் பதில் கிடைத்தது.

கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "இந்தப் பக்கத்திலிருந்து மலேயாவுக்குப் போனவர்கள் உண்டோ?" என்று கேட்டேன்.

"போகாத வீடு எது என்று கேளுங்கள், ஸார். அதற்குப் பதில் சொல்வது சுலபம்" என்றார் அவர். பிறகு தாமாகவே, "எங்கள் பாட்டனாருடைய தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதாசி நின்றுபோயிற்று. சயாமிலே ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனதாகப் பின்னால் யாரோ வந்து சொன்னார்கள். திதி தெரியாது. ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரை போய் ஸ்நானம் பண்ணித் தர்ப்பணம் விட்டு வருகிறோம்" என்றார்.

இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் நீர் விடுவது நம் சாஸ்திரம் காட்டிய வழி. ஆதிசேது என்று பெயர்பெற்ற கோடியக்கரையில் ஆடியிலும் தையிலும் கூடுகிற கூட்டத்தில், இப்படித் திதி தெரியாத பிதிர்களுக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்?

காவேரிக் கழனிகளில் கூலிக்கு உழைத்த ஜனங்கள் அக்கரைச் சீமைக்குப் போன கதை பெரியது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பான். நாகப்பட்டினத்தில் கப்பல் காத்திருக்கும். பினாங்கிலே இறங்கினால் ரப்பர்த் தோட்டம். 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் இப்படிக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தார்கள். அதற்குள் லட்சக்கணக்கான தமிழர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள். கடலோர ஊர்களிலிருந்து முஸ்லிம் சகோதரர்கள் வியாபாரத்துக்காகவும் போனார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜுலா' என்ற கப்பல் 1973 வரையில் இவர்களை ஏற்றிப் போவதும் கொண்டுவருவதுமாக இருந்தது. கப்பலின் பெயரைச் சொன்னால் இந்தக் கரையில் வயதானவர்களின் முகம் இன்னும் மலருகிறது.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதே ஆண்டில் சயாமிலிருந்து பர்மாவுக்கு மலையையும் காட்டையும் குடைந்து ரயில் பாதை போட அவர்கள் முனைந்தார்கள். நீளம் 415 கிலோமீட்டர். நம் பழைய கணக்கில் சுமார் 258 மைல். 1943 அக்டோபரில் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் நடுவில் வந்து சேர்ந்தன. அறுபதினாயிரம் யுத்தக் கைதிகள் இதில் வேலை செய்தார்கள்; பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலானோர். அவர்களைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத ஆசியத் தொழிலாளர் உழைத்தார்கள். மலேயாத் தோட்டத்துத் தமிழர், ஜாவாக்காரர், பர்மியர், மலாய்க்காரர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி முதலில் அழைத்தார்கள். நம்பி வருகிறவர்கள் குறைந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள். 1943-இல் மழையோடு வாந்திபேதியும் வந்தது. கைதிகளுக்குள்ளே வைத்தியர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லவாவது ஆள் உண்டு. கூலி முகாம்களில் அதுவும் இல்லை. இறந்த கைதிகள் சுமார் 13,000 பேர். இறந்த தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பு. முதல் எண்ணைத் தலைதலையாக எண்ணிச் சொல்ல முடிகிறது. இரண்டாவது எண்ணில் இருபதினாயிரம் உயிர் கூடலாம், குறையலாம் என்கிறார்கள்.

யுத்தம் முடிந்த 1945 செப்டம்பரில், விடுதலையான கைதிகள் சிலரைக் கொண்ட ஒரு சிறு கூட்டம் அதே ரயில் பாதையில் திரும்பப் போயிற்று. தங்கள் தோழர்களைப் புதைத்த இடங்களைக் கைதிகள் ஜப்பானியருக்குத் தெரியாமல் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு 144 இடுகாடுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளையும் கண்டுபிடித்தார்கள். இந்தக் காரியத்தை வாயாரப் புகழவேண்டும். பிறகு அந்த உடல்களை எடுத்துக் காஞ்சனபுரி, சுங்கை, பர்மாவில் தான்பியூசயாட் என்ற மூன்று இடங்களில் முறையாக அடக்கினார்கள். காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு எதிரே ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. புல் வெட்டியிருக்கிறது; ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெண்கலத் தகடு; தகட்டிலே பெயர், படைப்பிரிவு, வயது. அந்தக் கூட்டம் தேடிப்போனது கைதிகளின் கல்லறைகளை. கூலிகளின் குழிகளைக் குறித்துவைத்தவரும் இல்லை, தேடிப்போனவரும் இல்லை.

யாருக்குக் கல்லறை, யாருக்கு இல்லை என்பதற்குச் சட்டம் உண்டு. 1917-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி லண்டனில் ஏற்பட்ட யுத்தக் கல்லறைக் கமிஷன் அதை வகுத்தது. தளகர்த்தருக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பணக்காரன் தன் மகனுக்குப் பெரிய கல் வைக்க முடியாது. பிரபு மகனானாலும் உடலை ஊருக்கு எடுத்துப் போக முடியாது. நல்ல விதிகள்தான். இரண்டாவது யுத்தத்துக்குக் கமிஷன் வைத்த கெடு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையில். இந்தத் தேதிகளுக்குள் ராணுவச் சேவையில் இருக்கும்போது இறந்தவருக்குக் கல்லறையோ, கல்லில் பெயரோ உண்டு. இறந்த காரணம் கேட்கமாட்டார்கள். குண்டு பட்டுச் சாகவேண்டும் என்பதில்லை. ரிஸர்விலே பேர் பதிந்து கிராமத்தில் உழுதுகொண்டிருந்த ஒருவனைத் திரும்பப் பட்டாளத்துக்கு அழைக்கிறார்கள். பாரக்கிலே காய்ச்சலில் இறக்கிறான். அவனுக்கு உரிமை உண்டு. உத்தரவு வருவதற்கு முதல் நாள் அதே காய்ச்சலில் தன் வீட்டுத் திண்ணையில் இறந்தால் உரிமை இல்லை. சென்னையில் நந்தம்பாக்கத்திலே 1952-இல் அமைந்த யுத்த இடுகாட்டில் 850-க்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. தென்னாட்டிலும் கீழ்நாட்டிலும் சிதறிக் கிடந்தவற்றை எடுத்து வந்து சேர்த்தவை. போர்க்களம் காணாமலே இறந்தவர்கள் அங்கே ஏராளம்.

இந்த ரிஸர்வ் வழக்கு எல்லா நாட்டிலும் சிக்கலாகவே இருக்கிறது. அமெரிக்காவில் தேசிய இடுகாடுகள் உள்நாட்டு யுத்தத்தின்போது 1862-இல் ஏற்பட்டவை. ரிஸர்விலே பல வருஷம் பயிற்சி செய்தும் ஒருநாளும் முழுச் சேவைக்கு அழைக்கப்படாதவருக்கு, பயிற்சியிலேயே இறந்தாலொழிய, அல்லது ஓய்வூதியத்துக்கு உரியவரானாலொழிய, அங்கே பொதுவாக இடமில்லை. 2022-இல் வந்த ஒரு சட்டம், ராஜ்யங்கள் நடத்தும் இடுகாடுகளில் மட்டும் அவர்களை அடக்கலாம் என்று கதவைச் சிறிது திறந்தது. பேர் பதிந்தது போதுமா, அழைத்திருக்க வேண்டுமா, அழைத்து எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கிறார்கள். பணக்கார தேசம், ஆறடி நிலத்துக்கு இத்தனை விசாரணை! ஆனால் விசாரிப்பதற்கு அவர்கள் கையில் காகிதமாவது இருக்கிறது.

மலேயாவில் இந்த ரிஸர்வுக்கு ஒப்பானது தொண்டர் படை. தோட்டத்துத் துரைகள், பாங்கி உத்தியோகஸ்தர்கள் முதலானோர் வாரத்தில் சில மணி நேரம் கவாத்துச் செய்வார்கள்; மற்ற நேரமெல்லாம் தங்கள் தங்கள் வேலை. மலாய்க்காரர், சீனர், சட்டைக்காரர் இவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. 1941 டிசம்பரில் யுத்தம் வந்ததும் அவர்களைச் சேவைக்கு அழைத்தார்கள். சிங்கப்பூர் விழுந்தபோது அகப்பட்ட துரைகள் யுத்தக் கைதிகளாகி, அவர்களிலும் பலர் சயாமுக்குப் போனார்கள்.

இப்போது நேயர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டும். ஒரே ரப்பர்த் தோட்டம். துரை பங்களாவில் இருந்தார். கூலி வரிசை வீட்டில் இருந்தான். யுத்தம் இருவரையும் ஒரே காட்டிலே கொண்டுபோய்த் தள்ளிற்று. இருவரும் ஒரே மண்ணை வெட்டினார்கள். ஒரே வாந்திபேதியில் இறந்தார்கள். துரையின் பெயர் தொண்டர் படைப் பதிவில் இருந்தது. அதனால் அவர் சிப்பாய். காஞ்சனபுரியில் அவருக்கு வெண்கலத் தகடு உண்டு. கூலியின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் மட்டும் இருந்தது. அதனால் அவன் யுத்தத்தில் இறந்தவனே அல்லன்! துரைக்குக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் பட்ட துன்பத்துக்கு அந்தத் தகடு சிறிது. ஆனால் எந்தக் காகிதத்தில் பெயர் இருந்தது என்பதைப் பொறுத்து ஒருவன் சாவு யுத்தச் சாவாவதும் வெறும் சாவாவதும் நம் மனசுக்கு ஒவ்வுகிறதா?

நம்முடைய முன்னோர்களும் யுத்தத்தில் இறந்தவர்களுக்குக் கல் நட்டவர்கள்தாம். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரையில் ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. செங்கம் பக்கத்தில் கிடைத்த நடுகற்களைப் படித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அரண்மனைச் சேனாபதிகளுக்கு வைத்தவை அல்ல. ஊர் மாட்டைக் கள்ளர் ஓட்டிக்கொண்டு போனார்கள், ஊரான் ஒருவன் ஓடிப்போய் மடக்கினான், செத்தான், கல் நட்டார்கள். எந்தப் பட்டாளத்தில் பேர் பதிந்திருந்தான் என்று கேட்கவில்லை. எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைப் பட்டியைக் காத்து இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அதிலே செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் செத்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எண்பது வருஷத்துக்கு முன் காட்டிலே செத்த நம் பாட்டனாருடைய தம்பியின் குழி தெரியவில்லை.

இவர்களுக்கு அடுத்தபடியாக, விதியிலே இடம் இல்லாதவர்கள் இந்திய தேசிய ராணுவத்தினர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, துப்பாக்கியைத் தொட்டே அறியாத தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்தார்கள். சயாமுக்குப் பிடிபடாமல் தப்புவதற்காகவும் சிலர் சேர்ந்ததுண்டு என்பார்கள். இருக்கட்டும், அதனாலே அவர்கள் பட்ட பசியும் நடந்த நடையும் குறைந்துவிடுமா? பர்மாவில் இறந்த அவர்கள் எந்த யுத்தக் கல்லறைக்கும் உரியவர் ஆகவில்லை, எதிரிப் படையல்லவா! 1945 ஜூலை 8-ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் அவர்களுக்காக ஒரு ஞாபகச் சின்னத்துக்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் முதல் காரியமாக அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1995-இல் சிங்கப்பூர் சர்க்கார் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தார்கள். நம் சர்க்கார் 1972-இல் தொடங்கிய தியாகிகள் பென்ஷனில் இந்திய தேசிய ராணுவத்தினரையும் சேர்த்தார்கள். உயிரோடிருந்தவர்களுக்கு அது உதவிற்று.

கமிஷன்காரர்கள் தங்கள் பழைய கணக்கைத் தாங்களே திருப்பிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஏப்ரலில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, முதல் யுத்தத்தில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரையில் மற்றவர்களுக்குச் சமமாக நினைவு கூரப்படவில்லை என்றும், இன்னும் 1,16,000 பேருக்குக் குறையாமல், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயரே பொறிக்கப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மந்திரி மன்னிப்புக் கேட்டார். பாஸ்ராவில் உள்ள சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களும் இந்திய ஆபீஸர்களின் பெயர்களும் பொறித்திருக்க, சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாகத் தொகையாக மட்டுமே குறிக்கப்பட்டிருந்த சங்கதியும் அதில் வருகிறது. 'எல்லோருக்கும் ஒரே அளவுக் கல்' என்ற விதி ஸூயஸ் கால்வாயைத் தாண்டும்போது கொஞ்சம் தேய்ந்துபோயிருக்கிறது! ஆனால் அந்த அறிக்கை ஆராய்ந்தது முதல் யுத்தத்தை. சயாம் ரயில் பாதைத் தொழிலாளர் அதன் எல்லைக்குள் வரவில்லை.

காஞ்சனபுரியில் நம்மவர்களைப் பற்றிய தடயம் சொற்பம். பாலத்துக்கு அருகே 1944-இல் ஜப்பானிய ராணுவமே ஒரு ஸ்தூபி எழுப்பியது. வேலை செய்து இறந்தவர்களுக்காக என்று பல பாஷைகளில் எழுதி வைத்தார்கள். தமிழ் வாசகமும் உண்டு. வாட்டி வதைத்தவர்களுக்கும் பாஷை தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியவில்லை. 1990-இல் அவ்வூரில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. தொழிலாளர்களுடையவை என்று அறிந்தவர்கள் கருதினார்கள். வாட் தாவர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயிலில் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த சமாதி இருக்கிறது. அந்தக் கோயிலிலே 2023-ஆம் ஆண்டில், தாய்லாந்திலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் முயன்று, தமிழ்நாடு சர்க்காரின் உதவியும் பெற்று, ஒரு நடுகல் நாட்டினார்கள். நடுகல் என்ற பெயரையே அதற்கு இட்டது எனக்குப் பெரிய திருப்தி. நடுகல் மரபில் ஒன்றுதான் பாக்கி. கல்லில் பெயரும் பீடும் எழுதுவது.

அந்தப் பெயர்களைச் சயாமில் தேடிப் பயன் இல்லை. அவை இங்கே இருக்கின்றன. முத்துப்பேட்டையில், திருத்துறைப்பூண்டியில், பட்டுக்கோட்டையில், மன்னார்குடியைச் சுற்றிய கிராமங்களில், மச்சிலே கிடக்கும் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. மலேயாத் தபால் முத்திரை குத்திய பழைய கார்டு, மணியார்டர் ரசீது, பினாங்கில் எடுத்த போட்டோ ஆகியவற்றை இந்தக் குடும்பங்கள் எளிதில் எறிந்துவிடுவதில்லை. நான் பேசிய முதியவரிடமும் ஒரு கடிதம் இருப்பதாகச் சொன்னார். அவருக்குப் பின் அந்தக் கையெழுத்து யாருடையது என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரும் விடுமுறையில் இருக்கும் நாலு பிள்ளைகளும் முனைந்தால் ஓர் ஊருக்கு ஒரு வாரம் போதும். இந்துத் தெரு, முஸ்லிம் தெரு, சேரி எல்லாவற்றுக்கும் போகவேண்டும். கப்பலில் போனவர்களில் சேரியிலிருந்து போனவர்களே அதிகம். எழுதவேண்டிய விவரம் ஐந்துதான்: பெயர், தகப்பனார் பெயர், ஊர், கப்பலேறிய வருஷம், கடைசிக் கடிதம் வந்த தேதியும் தோட்டத்தின் பெயரும். முதியவர் தம்முடைய பாட்டனாரின் தம்பிக்கு இவற்றில் நான்கை உடனே சொல்லிவிட்டார். தோட்டத்தின் பெயர் மட்டும் கடிதத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். பெட்டிச் சாவி பட்டுக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறதாம்.